கரண்டிக்கும் இனம் உண்டு

(ஆஸ்டின் நகரில் நடந்த தமிழர் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பினப் பெண் பேராசிரியர்களின் வழியை அதிகம் மறித்தது இனமா, பாலினமா? "இனமே" என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் குறைவு, கதை பெரிது. நேரே ஒரு காபிக் கடைக்குப் போய்விடுவோம்.

இதே ஆஸ்டின் நகரம். 1960களின் தொடக்கம். ஹில்ஸ்பெர்க்ஸ் என்று ஒரு கடை. டெக்சஸ் பல்கலைக்கழகத்துக் கணிதத் துறைக்காரர்கள் காபி குடிக்கக் கூடுகிற இடம். இங்கே முனைவர் பட்டம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். வகுப்பில் நடப்பது பாதிப் படிப்புதான். மீதிப் படிப்பு காபியோடு நடக்கும். பேராசிரியர் வகுப்பில் சொல்லாததை அங்கே சொல்வார். "அந்தத் தேற்றத்தை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாயா?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்த இடம் அரை மணி நேரத்தில் திறக்கும்.

அந்தத் துறையில் ஒரு மாணவி. பெயர் விவியன் மலோன்-மேய்ஸ். கறுப்பினப் பெண். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். ஒரு கல்லூரியில் ஏழு வருடம் கணிதத் துறைத் தலைவராக இருந்துவிட்டு, மேலே படிக்க வேண்டும் என்று இந்த ஊருக்கு வந்தவர். ஏற்கெனவே துறைத் தலைவர், சொந்தங்களே! ஆனால் முதல் வகுப்பில் உட்கார்ந்தபோது சுற்றியிருந்த முப்பது நாற்பது வெள்ளை ஆண்கள் ஒன்பது வாரம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது கடைக்கு வாருங்கள். அந்தக் கடையில் கறுப்பினத்தவருக்குக் காபி கிடையாது. விவியனின் வழிகாட்டிப் பேராசிரியர் உள்ளே போகிறார். உடன் படிக்கிறவர்கள் உள்ளே போகிறார்கள். விவியன் எங்கே? வாசலில். சும்மா நிற்கவில்லை. கறுப்பினத்தவருக்கும் காபி கொடு என்று கேட்டு நடக்கிற மறியல் வரிசையில் நிற்கிறார். அவருடைய பேராசிரியரும் சக மாணவர்களும் அந்த மறியலைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். போகிறபோது கணிதம் பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துணுக்குகள் விவியன் காதில் விழும். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த காபி நேரப் பாடம். இதை நான் கட்டிச் சொல்லவில்லை, பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். பாடம் உள்ளே. பேராசிரியர் உள்ளே. வகுப்புத் தோழர்கள் உள்ளே. படிக்க வந்தவர் வாசலில், கையில் பதாகையோடு. வாசலைத் தாண்டிப் போகிற நாலு வார்த்தையைப் பொறுக்கிச் சேர்த்து அந்தப் பெண் 1966இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். இந்தப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

சரி, எதிரணித் தலைவர் அண்ணன் இந்த இடத்தில் குறிப்பெடுக்கிறார், பார்த்தேன். "வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், அப்படியானால் அது பாலினம்தானே?" என்று எழுதுகிறார். நியாயமான கேள்விதான். பதில் அதே துறைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தத் துறையில் ராபர்ட் லீ மூர் என்று ஒரு பேராசிரியர். உலகப் புகழ் பெற்றவர். அவர் பாடம் நடத்தும் முறைக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். விவியன் அவருடைய வகுப்பில் சேரப் போனார். கறுப்பினத்தவருக்கு நான் பாடம் நடத்துவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்.

இதே மூரைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. 1941. லீக்கி என்ற டெக்சஸ் குக்கிராமத்தில் இருந்து ஒரு பெண் கல்லூரியில் பெயர் பதியப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள். என்ன படிப்பது என்று ஒரு முடிவும் இல்லை. கணிதத் துறை மேசையில் கூட்டம் குறைவு. வெள்ளை முடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணோடு நிதானமாகப் பேசுகிறார், தர்க்கம் எப்படி வருகிறது என்று கேள்வி கேட்டுப் பார்க்கிறார். மறுநாள் வகுப்புக்குப் போனால் அதே பெரியவர்தான் ஆசிரியர். அவர்தான் மூர். அன்றிலிருந்து படிப்பு முடிகிறவரை ஒவ்வொரு பருவத்திலும் அந்தப் பெண் அவரிடம் ஒரு வகுப்பாவது படித்தாள். 1949இல் அவரிடமே முனைவர் பட்டம் வாங்கினாள். மேரி எல்லன் ரூடின். கணிதத்தில் இடவியல் என்று ஒரு பிரிவு உண்டு, அதில் அவர் பெயரைச் சொல்லாமல் இன்றைக்கும் பாடம் நடத்த முடியாது. அவர் ஒருவர் மட்டும் இல்லை. மூரிடம் முனைவர் பட்டம் வாங்கிய பெண்கள் வேறு சிலரும் உண்டு.

நடுவர் அவர்களே, இதைவிடத் தெளிவாக எந்த வழக்கிலும் சாட்சி கிடைக்காது. பேராசிரியர் ஒருவரே. துறை ஒன்றே. ஊரும் ஒன்றே. இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேரும் டெக்சஸில் பிறந்தவர்கள், இரண்டு பேரும் கணிதத்தில் கெட்டிக்காரர்கள். ஒருத்தியைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அதே கை, இன்னொருத்தியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது. நடுவில் மாறியது எது? அண்ணன் பதில் சொல்லட்டும்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே இயற்பியலும் கணிதமும் படிக்கிறார்கள். அவர்கள் வகுப்புக்குப் போகிற அந்த உயரமான கட்டடத்துக்கு 2020 வரை இந்த மூரின் பெயர்தான் இருந்தது. மாணவர்கள் கேட்டுப் போராடிய பிறகுதான் எடுத்தார்கள்.

விவியன் கதையில் நான் விட்டுவிட்ட ஒரு பகுதி உண்டு. அவர் பிறந்த ஊர் வேக்கோ. இங்கிருந்து டல்லஸ் போகிற வழியில் வருமே, அதே வேக்கோதான். அங்கே பேலர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆஸ்டினுக்கு வருவதற்கு முன், 1961இல், வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கலாம் என்று அங்கேதான் விண்ணப்பித்தார். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதே பேலர் 1966இல் அவரைக் கணிதப் பேராசிரியராக வேலைக்குக் கூப்பிட்டது. மாணவியாக உள்ளே விடாத இடத்தில் முதல் கறுப்பின முழுநேரப் பேராசிரியராகப் போய் நின்றார். 1971இல் அங்கிருந்த மாணவர் மன்றம் அவரை அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது. (கைதட்டல்) தட்டுங்கள், இன்னும் நன்றாகத் தட்டுங்கள், அந்த அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரம், 2018. முழுநேர வேலையில் இருக்கும் முழுப் பேராசிரியர்களில், அதாவது பேராசிரியர் பதவியின் மேல்படிக்கு வந்தவர்களில், வெள்ளை ஆண்கள் 53 சதவீதம், வெள்ளைப் பெண்கள் 27 சதவீதம். அந்த இடைவெளி பாலினம், நான் மறுக்கவில்லை. அடுத்த வரியைப் பாருங்கள். கறுப்பின ஆண்கள் சுமார் 2 சதவீதம். கறுப்பினப் பெண்களும் சுமார் 2 சதவீதம். இந்த நாட்டு மக்கள்தொகையில் எட்டில் ஒருவர் கறுப்பினத்தவர். ஆணோ பெண்ணோ, உள்ளே வந்த அளவு அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கரண்டி விஷயத்துக்கு வருகிறேன். அதை விடமாட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "ஆராய்ச்சிக் கட்டுரை பாதியில் நிற்கும்போது அடுப்படியில் இருந்து கூப்பிடுவது இனம் இல்லை, பாலினம். சாம்பாருக்கு நிறவெறி தெரியாது. கரண்டிக்கு இனம் கிடையாது. இந்த அணிக்காரர்கள் வீட்டில் கரண்டி பிடித்திருந்தால் இனம் என்று பேச வந்திருக்கமாட்டார்கள்" என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. என் வீட்டுக்காரரும் தட்டினார், அதையும் பார்த்தேன்.

அண்ணே, நீங்கள் நல்ல பேச்சாளர். உங்கள் பேச்சைக் கேட்கவே நான் பல நிகழ்ச்சிகளுக்கு வந்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் கரண்டிக்கு இனம் உண்டு. 1940இல் இந்த நாட்டில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்கள் பத்துப் பேரில் ஆறு பேர் என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? அடுத்தவர் வீட்டில் சமையல், துணி துவைப்பு, பிள்ளை வளர்ப்பு. வெள்ளைக்காரப் பெண் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்காரும்போது அடுப்படியில் இருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை அண்ணே. அங்கே கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பினப் பெண் நின்றாள். அவள் பெற்ற மகளுக்கு அன்றைக்கு யார் சோறு போட்டார்கள்?

இது வீட்டு வழக்கத்தோடு நின்ற சங்கதியும் இல்லை. 1935இல் ரூசவெல்ட் ஆட்சியில் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சட்டம் வந்தது. இன்றைக்கும் நம் சம்பளச் சீட்டில் பிடிக்கிறார்களே, அதே சட்டம்தான். அதில் முதலில் இரண்டு கூட்டத்தாரை விட்டுவிட்டார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள். தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலையிலும் இருந்தவர்களில் பெரும்பாலானோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்டி பிடித்தே முதுகு வளைந்தவளுக்கு வயதான காலத்தில் ஒரு காசு கிடையாது என்று எழுதியது அந்தச் சட்டம்.

நீங்கள் சொல்கிற பெண் என்கிற ஒரே அணி அந்தக் காலத்தில் இருந்ததா? 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேடி டேனர் மோசெல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அந்தத் துறையில் முனைவர் ஆன முதல் ஆள் அவர். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் காலத்துக்கு முன்பே வெல்லெஸ்லி போன்ற பெண்கள் கல்லூரிகளில் பொருளாதாரத் துறையை வெள்ளைப் பெண்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு இடம் இருந்தது அண்ணே. சேடிக்குத்தான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை இல்லை. வட கரோலினாவில் கறுப்பினத்தவர் நடத்திய ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். பெரிய வழக்கறிஞர்தான். ஆனால் ஒரு பொருளாதாரப் பேராசிரியரை இந்த நாடு இழந்தது.

1964இல் ஷெர்லி ஆன் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பெண்கள் விடுதி. சில மாணவிகள் சேர்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடுகிறார்கள். இவர் போய் நானும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்கிறார். போ என்றாள் ஒருத்தி. பாதிக் கணக்கை நான் போட்டுவிட்டேன், மீதியும் எப்படி என்று தெரியும் என்கிறார் இவர். அவள்தான் போகச் சொன்னாளே, கேட்கவில்லையா என்றாள் இன்னொருத்தி. அறைக்குத் திரும்பி அழுதுவிட்டு, மீதிக் கணக்கையும் தனியாகவே போட்டு முடித்தார். அண்ணே, அந்த மேசையில் இருந்தவர்கள் ஆண்கள் இல்லை. எல்லாரும் பெண்கள். அவர்கள் துரத்தியது பெண்ணையா? 1973இல் அந்தப் பிள்ளை அதே எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியது. அங்கே முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண்.

"இதெல்லாம் பழங்கதை" என்று எதிரணியில் தங்கச்சி சொன்னார். 2021 பழங்கதையா? நிக்கோல் ஹானா-ஜோன்ஸ், புலிட்சர் பரிசு வாங்கிய கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். வட கரோலினா பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியர் இருக்கைக்குக் கூப்பிட்டது. அதற்கு முன் அங்கே அந்த வகை இருக்கைக்கு வந்தவர்கள் டென்யூரோடு, அதாவது பணி நிரந்தரத்தோடு வந்தார்கள். இவருக்கு மட்டும் ஐந்து வருட ஒப்பந்தம். துறை பரிந்துரைத்தும் அறங்காவலர்கள் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. நாடே கேள்வி கேட்ட பிறகு 9க்கு 4 என்று கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். சரியான முடிவு என்பேன்.

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள் ஐயா, நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

கரண்டி என்றதும் எனக்கு நினைவு வருகிற ஆள் ஒருவர் உண்டு. ரூத் சிம்மன்ஸ். 1945இல் இந்த டெக்சஸ் மண்ணில் கிரேப்லாண்டில் பிறந்தவர். குத்தகை விவசாயியின் வீடு, பன்னிரண்டு பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தார். ரூத்துக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனார். மகள் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 2001இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். ஐவி லீக் என்று நாம் பிள்ளைகளைச் சேர்க்கத் தவம் கிடக்கிறோமே, அதில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். 2003இல் ஒரு குழு போட்டு, இந்தப் பல்கலைக்கழகம் அடிமை வியாபாரத்தில் எவ்வளவு கை நனைத்தது என்று தோண்டி எழுதச் சொன்னார். அந்த வளாகத்தின் பழைய கட்டடத்தைக் கட்டிய கைகளில் அடிமைகளின் கைகளும் உண்டு என்று அறிக்கை வந்தது. அடுத்தவர் வீட்டுத் துணிக்கு இஸ்திரி போட்ட அம்மாவின் மகள் கேட்ட கணக்கு அது. அந்த அம்மா இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நானும் இந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். எங்கள் துறையில் ஒரே ஒரு கறுப்பினப் பேராசிரியை. அவர் அறை வாசலில் எப்போதும் மாணவர் வரிசை நிற்கும். கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் இல்லை. விசா பிரச்சினை, வீட்டில் சண்டை, படிப்பை விட்டுவிடலாமா என்ற குழப்பம், எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த வரிசையில் நம் தமிழ்ப் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். நம்மிடம் சொல்லப் பயப்படுவதை அவரிடம் சொல்லி அழுகிறார்கள். பதவி உயர்வுக்கு எழுதும் விண்ணப்பத்தில் அந்த மணி நேரங்களுக்குக் கட்டம் கிடையாது. எத்தனை கட்டுரை என்றுதான் கேட்பார்கள். கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில் அவர் நம் பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று எந்தக் குழுவுக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1965க்கு முன் இந்தியர்களுக்கு இந்த நாட்டில் வருடத்துக்கு நூறு குடியேற்ற இடங்கள். மொத்த இந்தியாவுக்கும் நூறு! கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி, சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து 1964இல் குடிமை உரிமைச் சட்டத்தை வாங்கினார்கள். அந்தச் சூட்டில்தான் மறு வருடம், 1965 அக்டோபரில், இனம் பார்த்து ஆள் எடுத்த குடியேற்றச் சட்டமும் மாறியது. கையெழுத்துப் போட்டவர் நம் டெக்சஸ்காரர், அன்றைய அதிபர் ஜான்சன். அந்தக் கதவு வழியாகத்தான் நம் அப்பாக்களும் மாமாக்களும் நாமும் வந்தோம். நம் வீடு, நம் வேலை, இந்த அரங்கம், எல்லாவற்றிலும் அவர்கள் பட்ட பாடு இருக்கிறது. பாலினமா இனமா என்று ஆற அமர உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்துகிற வசதியும் அவர்கள் வாங்கிக் கொடுத்ததுதான்.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில். இனமே என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, மே மாதம் பட்டமளிப்பு வருகிறது. அங்கியோடு பிள்ளையை நிறுத்திப் புகைப்படம் எடுக்கும்போது, "அந்த மேடம்தான் என்னைப் படிப்பை விடவிடாமல் பிடித்துவைத்தார்" என்று பிள்ளை யாரையாவது காட்டினால் தூரத்தில் இருந்து சிரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் போய்ப் பேசுங்கள். அவர் செய்ததை எழுதி அவருடைய துறைத் தலைவருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதவி உயர்வுக் கோப்பில் அந்தக் கடிதம் சேரும். நன்றி, வணக்கம்.